ஊஞ்சலில் கட்டிய வாட்ச்

காலை ஆறரைக்கு லேபுக்குள் நுழைந்ததிலிருந்து ஒருமுறைகூட உட்காராதவளின் மணிக்கட்டில், பதினொன்றேகாலுக்கு வாட்ச் இரண்டு தரம் அதிர்ந்தது. ரத்தக் குழாய்கள் அடுக்கிய தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு குளிர்பெட்டிக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றிருந்தாள். கையைச் சற்றே திருப்பிப் பார்த்தாள். 'வெகு நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து கொஞ்சம் நடக்கலாமே' என்றது திரை. அதன் கீழே ஒரு குட்டிப் பச்சை மனிதன் உற்சாகமாகக் குதித்துக்கொண்டிருந்தான். இன்றைய அடிகள்: இருநூற்றுப் பதினான்கு.

"எங்கடா உட்கார்ந்தேன் நான்" என்று அவனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்த லேப் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்பதைச் சுவர்க்கடிகாரம்தான் சொல்ல வேண்டும். ஸ்பிரிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடைக்கு அடியில் லேசான இரும்பு வாடை எப்போதும் இருக்கும். வெளியாட்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு அது வீட்டு வாடை மாதிரி. மெஷினின் இரைச்சல், குளிர்பெட்டியின் முனகல், குழாய்லைட்டின் சின்ன ரீங்காரம் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாகி, அது நின்றால்தான் காதில் விழும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டிருந்தது.

போன மாதம் அதே இடத்தில் அவள் மயங்கி விழுந்தாள். தட்டோடு விழுந்தாள். முப்பத்திரண்டு குழாய்கள் நொறுங்கின. ஊழியர்களைப் பார்க்கிற டாக்டரம்மா அவளை ஒரு மணி நேரம் படுக்கவைத்துவிட்டு, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஆறு வாரம் டைம் தரேன். தினமும் எட்டாயிரம் ஸ்டெப்ஸ். இதயத்துடிப்பு, தூக்கம், எல்லாம் வாட்ச்ல பதிவாகணும். ஆறாவது வாரம் நான் பார்ப்பேன். சரியா இல்லேன்னா உங்களை ரெக்கார்ட் ரூமுக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

ரெக்கார்ட் ரூம் என்பது பக்கத்துக் கட்டடத்தில், பழைய கோப்புகளும் தூசியும் ஒரு ஸ்டூலும் இருக்கிற அறை. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக அவளுக்கு நினைவில்லை. இந்த வேலை மட்டும்தான் அவளுக்குத் தெரியும், இதில் அவள் கெட்டிக்காரி, இதை விட்டால் தான் யாருமில்லை என்று பயந்தாள்.

ஆகவே வாட்ச். கணவர்தான் வாங்கிக் கட்டிவிட்டார். முதல் வாரமே அது அவளைப் பாடாய்ப் படுத்தியது. நாள் முழுக்க நடந்தாலும் இரண்டாயிரத்தைத் தாண்டாது. காரணத்தைச் சொன்னவர் கூட வேலை பார்க்கும் இன்னொரு டெக்னீஷியன். நாற்பது வயது, அவளைவிட ஆறு வயது இளையவர். ஒரு நாளைக்கு நாலு தரம் மேசையைத் துடைப்பார். அதனால் மருத்துவமனை முழுக்க அவருக்குச் 'சுத்தம்' என்றே பெயர். கூப்பிட்டால் அதற்குத்தான் திரும்புவார்.

"அக்கா, அது காலைப் பார்க்கிறதில்ல. கை வீசுறதத்தான் எண்ணுது. நீங்க ரெண்டு கையிலயும் தட்டப் புடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. அதுக்கு நீங்க உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்."

"அப்ப தட்டை யாரு தூக்குவா? தலையில வெச்சுக்கவா?"

"வெச்சுக்கிட்டு கை வீசி நடந்தா கணக்கு ஏறும்க்கா" என்றார் சுத்தம், சிரிக்காமல்.

மாலை வீட்டுக்குப் போய் மொட்டைமாடியில் கையை வீசி வீசி நடந்து பார்த்தாள். ஒன்பது மணி நேரம் நின்ற கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை, 'நீங்கள் முயன்றால் முடியும்' என்று அந்தப் பச்சை மனிதன் சொன்னபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வாட்சைக் கழற்றினாள்.

மேசையின் மூலையில், குழாய்களில் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அவற்றைப் படுக்கவைத்து நாளெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கிற ஒரு தட்டு இருந்தது. லேபில் அதற்குப் பெயர் ஊஞ்சல். நிமிடத்துக்கு இருபது தரம் போய்வரும். ஒவ்வொரு தரமும் ஓரத்தில் 'டொக்' என்று ஒரு மெல்லிய சத்தம். அதில் வாட்சைக் கட்டினால் கை வீசுகிற மாதிரிதானே என்று தோன்றியது. நோயாளிகளின் குழாயில் கட்ட மனம் வரவில்லை. அவளுடைய குழாயே அங்கே இருந்தது.

அது அந்த லேபின் பழக்கம். காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க அவள் தன் கையிலிருந்து மூன்று மில்லி எடுத்து ஓட்டிப் பார்ப்பாள். பத்தொன்பது வருடமாக அவளுடைய எண்கள் மாறியதில்லை. மெஷின் வேறு எண் சொன்னால் மெஷினில்தான் கோளாறு. அவளுடைய ரத்தம்தான் அங்கே 'நார்மல்' என்பதற்கு அளவு. விதிப்படி அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் அதில் அவளுக்குச் சின்னப் பெருமை உண்டு.

ஊதா மூடி போட்ட தன் குழாயின்மேல் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் வாட்சைக் கட்டி, ஊஞ்சலில் கிடத்தினாள். டொக். டொக். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு அடிகள் ஏறியிருந்தன. பச்சை மனிதன் கைதட்டினான். இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அடிகளுக்குக் கீழே இருந்த சின்ன எண்ணைக் கவனித்தாள். சிவப்பு இதயத்துக்குப் பக்கத்தில், எழுபத்திரண்டு.

சுத்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுல என்னக்கா இருக்கு? அடியில இருக்கிற பச்சை லைட்டு எதுல பட்டாலும் ஏதாவது ஒரு நம்பர் சொல்லும். டிஷ்யூ ரோல்ல கட்டுங்க, அதுக்கும் இதயம் துடிக்குதும்பான்" என்றவர், குழாயில் சுற்றியிருந்த பஞ்சில் ஒரு நூல் பிரிந்திருப்பதைக் கிள்ளி எறிந்துவிட்டுப் போனார்.

நியாயமான பதில்தான். எழுபத்திரண்டு எழுபத்துநாலானது. பிறகு மறுபடி எழுபத்திரண்டு. அவள் தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எழுபத்திரண்டு.

அன்றிலிருந்து வாட்ச் ஊஞ்சலில் வேலை பார்த்தது. காலையில் கட்டுவாள், கிளம்பும்போது அவிழ்ப்பாள். குழாயைத் தினமும் மாற்ற வேண்டும்தான். ஆனால் பஞ்சைச் சுற்றிப் பொருத்துவது பெரிய ரோதனையாக இருந்ததால் அதே குழாயையே விட்டுவிட்டாள். எட்டாயிரம், எட்டாயிரத்து நானூறு. கணவர் தன் போனிலும் அந்தக் கணக்கை இணைத்து வைத்திருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். திரும்பிப் பார்க்காதே, கண்ணாடியை நம்பு என்று நாளைக்கு நூறு தரம் சொல்லிச் சொல்லி, எதையும் நேராகப் பார்க்கிற வழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை அவசரத்தில் வாட்சை அவிழ்க்க மறந்து வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பரவாயில்லையே. ராத்திரி நல்லா தூங்கியிருக்க. ஏழு மணி நேரம் ஆகுது. அதுல ரெண்டு மணி நேரம் ஆழ்ந்த தூக்கம்."

"நான் எங்க தூங்கினேன்? மூணு மணியிலிருந்து சுவத்தப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வாட்ச் லேப்லயே இருக்குங்க. மறந்துட்டு வந்துட்டேன்."

"லேப்ல இருந்தா எப்படித் தூக்கத்தைக் காட்டும்?"

"அதைத்தான் நானும் கேட்கறேன்."

அவர் நிமிரவில்லை. விரலால் திரையைத் தள்ளினார். நெற்றி லேசாகச் சுருங்கியது.

"இன்னும் தூங்கிட்டுதான் இருக்கியாம். கனவு காணுற நேரம்னு போட்டிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதோ, எழுந்துட்ட" என்றார்.

குழாயடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஈரக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, வெறும் மணிக்கட்டைக் காட்டினாள். "பாருங்க. கட்டியிருக்கேனா?" என்றாள். அவர் பார்த்தார். "சார்ஜ் போட்டிருக்கியா?" என்று கேட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை லேபில் முதல் வேலையாக ஊஞ்சலிடம் போனாள். குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். பன்னிரண்டு நாளான ரத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கறுத்து, செத்து, கெட்ட வாடையோடு இருக்க வேண்டும். இது நல்ல சிவப்பாக இருந்தது. இப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது. மூன்று மில்லிக் கோட்டுக்குச் சரியாக நிரப்பியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ரத்தம் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு அரிசி அளவு ஏறியிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தொட்டாள். அறையின் குளிரில் மற்ற குழாய்கள் எல்லாம் சில்லென்று இருந்தன. இது வெதுவெதுப்பாக இருந்தது.

வாட்சின் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இருக்கும்.

அதற்குப் பிந்தைய நாட்களில் அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. ஏழாம் படியிலேயே மூச்சு வாங்கியது. விரல் நுனி விறைத்தது. தலை வாரும்போது கை கனத்தது. ஒருநாள் கழிவறைக் கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அங்கே சிவப்பே இல்லை. ஈரத் துணி மாதிரி வெளுத்திருந்தது. கணவரிடம் சொன்னபோது அவர் போனை எடுத்தார்.

"மூச்சு வாங்குதுங்கற. இங்க பாரு, ஆக்சிஜன் தொண்ணூத்தொம்பது. போன வாரத்தைவிட நல்லா இருக்க."

"நான் சொல்றேன்ல, என்னால முடியலைன்னு."

"நீயா மனசுல நினைச்சுக்கற. நம்பர் பொய் சொல்லுமா?"

பத்தொன்பது வருடமாக, உடம்பு சரியில்லை என்று வந்து நிற்கிறவர்களிடம் அவள் சொன்னதும் இதைத்தான். ரிப்போர்ட் நார்மல், கவலைப்படாதீங்க, போய்ட்டு வாங்க.

ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை தன் கையிலிருந்து புதிதாக ரத்தம் எடுத்தாள். நரம்பைத் தேடவே நேரமானது. சொட்டுச் சொட்டாக வந்தது. சாயம் போன துணியை அலசிய தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. மெஷினில் ஓட்டினாள். எப்போதும் பதின்மூன்றுக்குக் குறையாத ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. மெஷின் தப்பு என்று நினைத்து இரண்டாவது குழாய் எடுத்தாள். ஆறு புள்ளி ஐந்து. வாழ்நாளில் முதல்முறையாக அவள் தன் எண்ணைப் பார்த்து மெஷினை நம்பினாள். காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு, படிக்கு ஒருதரம் நின்று நின்று, மேலே டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். அவள் பேர் போட்ட வாட்ச் கணக்கைக் கணினியில் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"ஆறு புள்ளி அஞ்சுன்னா நீங்க இப்படி நடந்தே வந்திருக்க முடியாது. துடிப்பு எழுபத்திரண்டு, தூக்கம் அருமை, தினமும் எட்டாயிரம். எங்கயோ தப்பு நடந்திருக்கு. இருங்க."

போனை எடுத்துக் கீழே பேசினார். கால் மணி நேரத்தில் சுத்தம் மறுபரிசோதனை முடிவைச் சொன்னார். பதின்மூன்று புள்ளி இரண்டு. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா? உங்க சாம்பிள்ல தண்ணி கலந்திருக்கும். இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவே வேண்டாம், இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க ஃபிட்."

சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இதற்காகத்தான் இத்தனையும். ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. எரிச்சலில் கண்ணில் நீர் கட்டியது.

"எந்தக் குழாய எடுத்து ஓட்டினீங்க தம்பி?"

"ஊஞ்சல்ல உங்க பேர் போட்டது ஒண்ணுதானே ஒழுங்கா இருந்துச்சு. இங்க வெளியில ரெண்டு பிங்க் கலர்ல கிடந்துச்சு, அதைக் கொட்டிட்டேன். மேசையும் துடைச்சாச்சு."

அவள் ஊஞ்சலைப் பார்த்தாள். டொக். டொக். குழாயில் ரத்தம் இப்போது மூடியை எட்டித் தொடும் உயரத்துக்கு வந்திருந்தது. தட்டு சாயும்போது அது தளும்பவில்லை. கனமாகப் புரண்டது.

மாலை ஐந்தரை மணிக்குச் சுத்தம் கிளம்பினார். அவள் கதவைச் சாத்திவிட்டு ஊஞ்சலின் முன்னால் வந்து நின்றாள். ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். சுவிட்சில் விரலை வைத்தாள். அணைத்தாள்.

டொக்.

அடுத்த டொக் வரவில்லை. தட்டு நடுவில் சாய்ந்தபடி நின்றது. மெஷினின் இரைச்சல் இருந்தது. குளிர்பெட்டியின் முனகல் இருந்தது. அவளுக்குள்ளேதான் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோனது. நின்ற பிறகுதான் அது இத்தனை காலம் இருந்ததே தெரிந்தது. மூச்சை இழுத்தாள். வரவில்லை. முழங்கால் மடங்கியது. மேசை விளிம்பு கண்ணுக்கு மேலே போயிற்று. குழாய்லைட் சுருங்கியது. கை. சுவிட்ச். எங்கே சுவிட்ச். விரல் தடவியது. தடவியது. ஏதோ தட்டுப்பட்டது.

டொக்.

தரையில் கன்னம் பதிய வெகுநேரம் கிடந்தாள். ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு மூச்சு வந்தது.

அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊஞ்சலில் கட்டி ஏமாற்றியதையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்டிஃபிகேட்தான் வந்துடுச்சே, இனிமே ஏன் இந்தப் பயம்? ஞாயித்துக்கிழமை நல்லா ரெஸ்ட் எடு" என்றார். அவள் வேறு வழி யோசித்தாள். ரத்தத்தை எடுக்கத் தெரிந்தவளுக்கு ஏற்றவும் தெரியும். குழாயில் இருப்பதைச் சிரிஞ்சில் எடுத்து மறுபடி தன் நரம்பிலேயே செலுத்திவிட்டால் போதும். ஆனால் நடுங்குகிற ஒற்றைக் கையால் அதைச் செய்ய முடியாது. இன்னொருவர் வேண்டும். மறுநாள் சுத்தத்துக்கு லீவு. திங்கட்கிழமை அவரிடம் சொல்லிவிடுவது, சிரித்தாலும் பரவாயில்லை, காலில் விழுந்தாவது செய்யச் சொல்வது என்று முடிவெடுத்தாள்.

சனிக்கிழமை கிளம்பும்போது ஊஞ்சலில் ஒரு சீட்டு ஒட்டினாள். என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரமான குழாயை வைத்திருப்பதே விதிப்படி குற்றம். அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள பத்தொன்பது வருடப் பழக்கம் அவளை விடவில்லை. கடைசியில், 'இந்த வாட்சை யாரும் தொட வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணி இருக்கும். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் இருட்டியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சு ஒரு தரம் துடித்தது. ஓய்ந்தது. மறுபடி ஒன்று துடித்தது. ஒழுங்கில்லாமல், யாரோ கையில் பிடித்து நடக்கிற மாதிரி ஒரு ஆட்டம்.

"வாட்சைக் கழட்டிட்டியா? கையில இல்லேன்னு காட்டுது" என்றார் கணவர், சோபாவிலிருந்து.

அவள் போனைத் தேடினாள். விரல் பிசகிப் பிசகி எண்ணை அழுத்தினாள். நாலாவது மணியில் சுத்தம் எடுத்தார். கையுறை உரசும் சத்தம் கேட்டது.

"தம்பி, ஊஞ்சல்ல என் குழாய்."

"ஆங், சொல்லணும்னு இருந்தேன்க்கா. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வராங்களாம், திடீர்னு சொன்னாங்க. அதான் எல்லாத்தையும் ஒழிச்சுட்டு இருக்கேன். உங்களுது மூணு வாரப் பழசு. பார்த்தா மாட்டிக்கிட்டிருப்பீங்க."

"சீட்டு ஒட்டியிருந்தேனே."

"பார்த்தேன்க்கா. வாட்சத் தொட வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. தொடவே இல்ல, குழாய மட்டும் உருவிட்டேன். வாட்ச் அப்படியே இருக்கு."

"குழாய் எங்க?"

"பழசெல்லாம் சேர்த்து ஆட்டோகிளேவ்ல போட்டாச்சு. அஞ்சு நிமிஷம் ஆச்சு. நீங்க லீவுல நிம்மதியா இருங்க."

அது லேபின் பின்னறையில் இருக்கிற எஃகுத் தொட்டி. கழிவு ரத்தத்தை வெளியே போடுவதற்கு முன் நீராவியில் வைத்து அவித்துவிடுவார்கள். நூற்று இருபத்தோரு டிகிரி. உள்ளே எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பதற்காக.

"நிறுத்துங்க" என்றாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மேசை துடைக்கும்போது அவர் போனைத் தொட மாட்டார்.

கணவர் காரை எடுத்தார். கூரையில் பயிற்சிப் பலகை வைத்த கார். சீட் பெல்ட் போட்டால்தான் நகர்த்துவேன் என்றார். போட்டாள். நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஆளே இல்லாத குறுக்குத் தெருவில் நின்று, இடப்பக்கக் கண்ணாடி, வலப்பக்கக் கண்ணாடி, நடுக்கண்ணாடி எல்லாம் பார்த்தார். "போங்களேன்" என்று அவள் கத்தினாள். முதலில் பாதம் சுட்டது. பிறகு தொடை. இரண்டு வாரமாகச் சில்லிட்டுக் கிடந்த விரல்களில் சூடு ஏறியபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது இதமாக இருந்தது. அப்புறம் அது நிற்கவில்லை.

"ஏசி போடட்டுமா? முகமெல்லாம் வேர்க்குது" என்றார்.

சிக்னலில் சிவப்பு. எண் தொண்ணூறிலிருந்து இறங்கியது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு. அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். கை வீசி ஓடினாள். பின்னால் அவர் ஹார்ன் அடித்தார்.

கீழ்த்தளம். படிகள். கைப்பிடிக் கம்பி குளிர்ந்திருந்தது. அவள் பிடித்த இடத்தில் ஈரம் படர்ந்தது. லேப் காலியாக இருந்தது. மேசைகள் பளபளத்தன. ஊஞ்சல் நின்றிருந்தது. பஞ்சு சுற்றிய வாட்ச், உள்ளே ஒன்றும் இல்லாமல், வளையமாக அதன்மேல் கிடந்தது.

பின்னறை. எஃகுத் தொட்டி. மூடியின் ஆறு திருகும் இறுகியிருந்தன. முதல் திருகைப் பிடித்தாள். உள்ளே நீராவி அழுத்தம் இருக்கும்போது அசையாது. அவளுக்கே தெரியும். புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இருந்தும் பிடித்து முறுக்கினாள். உள்ளங்கைத் தோல் திருகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை. மூடியின்மேல் வெப்பத்தைக் காட்டும் ஊசி நூற்றாறு டிகிரியில் இருந்தது.

சுவரில் பிளக். பிடுங்கினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ஊசி நின்றது. அவள் சுவரில் சாய்ந்து, தரையில் சரிந்து, ஊசியையே பார்த்தாள். இறங்கு. இறங்கு. பார்வையின் ஓரங்களில் வெள்ளை படிந்துகொண்டு வந்தது, முட்டை வேகும்போது படிவது போல. கண்ணைக் கசக்கினாள். போகவில்லை. ஊசி அரை டிகிரி இறங்கியது. இறங்கியதா? இறங்கியது. இன்னும் அரை. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. காத்திருந்தால் போதும். யாரும் வராமல் இருந்தால் போதும்.

செருப்புச் சத்தம். டீக் குவளையோடு சுத்தம் உள்ளே வந்தார்.

"அட, லீவுல வந்து நிக்கறீங்களே. நான்தான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல." குவளையை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "இதென்ன, ஆஃப் ஆகிக் கிடக்கு?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு தடித்து, கெட்டியாகி, அண்ணத்தோடு கிடந்தது. கையைத் தூக்க நினைத்தாள். விரல்கள் மடங்கிய நிலையிலேயே இருந்தன. வாயிலிருந்து மெல்லிய வெண்ணிற ஆவி மட்டும் வந்தது.

"ஓ, பிளக் கழண்டிருக்கு. கால் பட்டுடுச்சு போல." அவர் குனிந்து அதை எடுத்தார். ஈரமாக இருந்ததால் சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து நன்றாகத் துடைத்தார். பொருத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டிக்குள் தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது.

அப்போதுதான் அவர் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது.

"ரெண்டு வாரமா வெளிறிக் கிடந்தீங்க. இன்னைக்குத்தான்க்கா உங்க முகத்துல ரத்தம் ஓடுறது தெரியுது" என்றார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊசி மேலேறுவதைப் பார்க்க ஆரம்பித்தார்.